மூவர் சாட்சி

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிகிறது. வலப்பக்கமும் இடப்பக்கமும் ஸலாம் கொடுத்த முகங்கள் துஆவுக்காகக் குனிந்திருக்கும் வேளையில், முன்வரிசையிலிருந்து முத்தவல்லி எழுந்து ஒரு துண்டுச் சீட்டைப் படிக்கிறார். மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரரின் குழந்தைக்குக் கடும் நோய். சிகிச்சைக்குப் பெருந்தொகை வேண்டும். ஈமான் கொண்ட நெஞ்சங்கள் இயன்றதை ஈந்து உதவ வேண்டும். இவ்வளவுதான் அந்தச் சீட்டில் இருக்கும். வாசற்படியில் இரண்டு வாலிபர்கள் துண்டின் நான்கு முனைகளையும் பற்றி விரித்து நிற்கிறார்கள். காசும் நோட்டும் விழுகின்றன. துண்டுக்கு அருகில், மருத்துவமனைக் காகிதங்களைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு மார்போடு அணைத்தபடி, தலை கவிழ்ந்து ஒருவர் நிற்கிறார். அவர்தாம் அந்தக் குழந்தையின் தந்தை.

நெல்லித்தோப்பிலும் முஸ்லிம்கள் வாழும் ஏனைய ஊர்களிலும் நாம் பலமுறை கண்டு பழகிய காட்சி இது. துண்டில் விழும் ஈகையைப் பற்றிக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்தத் தந்தை அங்கே ஏன் நிற்க வேண்டும்? அவர் நிற்பதைப் பார்த்த பின்னர்தான் நம் கை சட்டைப்பைக்குள் போகிறது என்றால், குறை நம்முடையதன்றோ?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருச்சமுகத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை ஹஜ்ரத் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் கண்ணால் கண்டு அறிவித்திருக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் அது பதிவாகி உள்ளது. ஒருநாள் முற்பகலில் முளர் கோத்திரத்தார் சிலர் மதீனா வந்து சேர்ந்தனர். காலில் செருப்பில்லை. உடலில் முழு ஆடையில்லை. கோடு போட்ட கம்பளியை நடுவே கிழித்துத் தலைவழியே மாட்டியிருந்தனர். அவர்களின் வறுமைக் கோலத்தைக் கண்டதும் பெருமானாரின் திருமுகம் வாடியது. வீட்டுக்குள் சென்றார்கள், வெளியே வந்தார்கள். பிலால் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்லப் பணித்தார்கள். தொழுகை முடிந்ததும் எழுந்து நின்று உரையாற்றினார்கள். மாந்தர் அனைவரும் ஓருயிரிலிருந்து தோன்றியவர்கள் என்னும் இறைவசனத்தை ஓதினார்கள். பொற்காசோ வெள்ளிக்காசோ, ஆடையோ, ஒரு மரக்கால் கோதுமையோ பேரீச்சம்பழமோ, அதுவும் இல்லையேல் பாதிப் பழமேனும் கொடுங்கள் என்று வேண்டினார்கள்.

அன்ஸாரிகளுள் ஒருவர், கையால் தாங்க முடியாத அளவு கனத்த பணப்பையொன்றைச் சுமந்து வந்தார். அவரைத் தொடர்ந்து ஒருவர் பின் ஒருவராக மக்கள் வந்தனர். உணவுப்பொருள் ஒரு குவியல், துணிமணி ஒரு குவியல் என இரண்டு குவியல்கள் எழுந்தன. வாடியிருந்த திருமுகம் பொன்முலாம் பூசியதுபோல் ஒளிர்ந்தது என்கிறார் ஜரீர். நற்செயல் ஒன்றை முதலில் தொடங்கி வைப்பவருக்கு அவருடைய கூலியும், அவரைப் பின்பற்றிச் செய்வோரின் கூலிக்கு நிகரானதும் உண்டு என்னும் நபிமொழி பிறந்த இடம் இதுவே.

இந்த அறிவிப்பை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். முளர் கூட்டத்தார் வாய் திறந்து ஒரு சொல் கேட்டதாக இதில் இல்லை. அவர்களைச் சபைமுன் நிறுத்தியதாகவும் இல்லை. கண்டவர் நபிகளார், கேட்டவரும் நபிகளாரே. தேவையுள்ளவனின் நாவுக்கு வேலை வைக்காமல் சமுதாயத்தின் தலைமை தன் நாவால் கேட்டது.

எனினும் கேட்பதற்கும் ஒரு வரையறை உண்டு. இதே ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் மற்றொரு நபிமொழி, நிதி திரட்ட முன்வரும் ஒவ்வொரு ஜமாஅத்தாரும் தம் மேசையின் மீது எழுதி வைத்துக்கொள்ளத் தக்கது. ஹிலால் கோத்திரத்தைச் சேர்ந்த கபீஸா இப்னு முகாரிக் (ரலி) என்பார், பிறரிடையே சமாதானம் காண்பதற்காகப் பெருந்தொகைக்குப் பொறுப்பேற்றுக்கொண்டு, அதைச் செலுத்த வழியின்றி நபிகளாரிடம் வந்தார். ஸதகாப் பொருள் வரும்வரை இங்கே தங்கியிரும், உமக்குத் தரச் செய்கிறோம் என்று ஆறுதல் சொன்ன அண்ணலார், அத்தோடு நில்லாமல், கேட்பது மூவருக்கு மட்டுமே ஆகும் என்று விளக்கினார்கள். ஒருவர், கபீஸாவைப் போல் பிறருக்காகப் பொறுப்பேற்றவர். அத்தொகை கிடைக்கும்வரை அவர் கேட்கலாம், பின்னர் நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்னொருவர், பேரிடரால் பொருளையெல்லாம் இழந்தவர். வாழ்க்கை மீண்டும் நிலைகொள்ளும்வரை அவர் கேட்கலாம். மூன்றாமவர், வறுமை தாக்கியவர். அவருடைய சமூகத்தைச் சேர்ந்த விவேகமுள்ள மூவர் எழுந்து, ஆம், இவரை வறுமை தாக்கியுள்ளது என்று சொல்ல வேண்டும். இவையன்றி வேறு வகையில் கேட்டுப் பெறுவது தகாத உணவு என்று கண்டித்தார்கள்.

சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அவருடைய சமூகத்தார் என்பதையும், விவேகமுள்ளவர்கள் என்பதையும் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஏழ்மையை மெய்ப்பிக்கும் சுமையை ஏழையின் தோளிலிருந்து இறக்கி, அவரை அறிந்த மூவர் தோளில் ஏற்றியிருக்கிறது இந்த ஏற்பாடு. அந்தத் தந்தை உறைக்குள் வைத்திருக்கும் காகிதங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டியவர்கள் இவர்களே. தெருவில் போவோர் வருவோர் அல்லர்.

நெல்லித்தோப்பில் ஒரு குழந்தை நோயுற்றதாகக் கொள்வோம். மூவர் யாராக இருக்கலாம்? பள்ளிவாசல் இமாம் ஒருவர். மருத்துவம் அறிந்தவர் ஒருவர், செவிலியராக இருந்தாலும் சரிதான். கணக்கு அறிந்த நாணயமான வணிகர் ஒருவர். பெண் ஒருவரும் சேர்ந்தால் தாயிடம் மனம்விட்டுப் பேச முடியும். இவர்கள் முதலில் செல்ல வேண்டிய இடம் கடைத்தெருவன்று, மருத்துவமனை. எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள இராஜீவ் காந்தி அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனை நமக்கு அருகிலேயே இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 1823ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்து, 1964இல் இப்பெயர் பெற்று, 2008இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக உயர்ந்த அந்த மருத்துவமனையை நாடித் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் ஏழைகள் வருகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் நம்மில் சிலரோ, நோய் என்றதும் வீட்டு நகையை விற்றுத் தனியார் மருத்துவமனைக்கு ஓடிவிட்டு, பணம் தீர்ந்த பின்னரே கோரிமேட்டுக்கு வழி கேட்கிறோம்.

அரசு தரும் உதவி எவ்வளவு என்று அறியாமல் துண்டை விரிப்பது பெரும் பிழை. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ்த் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பிறவி இதயக் கோளாறு போன்றவற்றைப் பிறந்தது முதல் 18 வயது வரை கண்டறிந்து சிகிச்சைக்கு வழி செய்கிறது. தலசீமியா என்னும் இரத்த நோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்ய, கோல் இந்தியா நிறுவனத்தின் உதவியோடு 2017இல் தொடங்கிய திட்டம் 10 இலட்சம் ரூபாய் வரை தருகிறது. நெருங்கிய சொந்தத்தில் மணமுடிக்கும் வழக்கமுள்ள குடும்பங்கள் இந்த நோயைப் பற்றி அறிந்திருப்பது நல்லது. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021இல் வந்தது. அதன்படி அரசு அறிவித்த சிறப்பு மையங்களில் சிகிச்சை பெறுவோர்க்கு அளிக்கும் உதவி 2022 மே மாதத்தில் 50 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. எந்த மையத்துக்குப் போவது என்பதை ஜிப்மர் மருத்துவரிடமே கேட்டறியலாம். இந்த விண்ணப்பங்களை எழுதி, கையொப்பம் வாங்கி, அலுவலகப் படியேறி இறங்குவது, மகளின் கட்டிலருகே விழித்திருக்கும் தந்தைக்கு ஆகிற வேலையா? நூறு ரூபாய் நன்கொடையைவிட, அவருக்காக ஒரு நாள் வரிசையில் நிற்கும் வாலிபரின் உதவி பெரிது.

குழந்தைகளின் நலனில் ஆட்சிக்கும் கடமை உண்டு என்பதை நாம் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களிடம் கற்றோம். மதீனாவின் எல்லையில் வணிகர் கூட்டமொன்று தங்கியிருந்த இரவில் கலீஃபா காவலுக்குச் சென்றார்கள். ஒரு குழந்தை ஓயாமல் அழுதது. மூன்று முறை சென்று தாயை வினவியபோது, பால்குடி மறந்த குழந்தைக்குத்தான் உமர் உதவித்தொகை தருகிறார், ஆகவே இதற்குப் பாலை நிறுத்தப் பார்க்கிறேன் என்றாள், வந்தவர் யாரென்று அறியாத அந்தப் பெண். அன்றைய பஜ்ருத் தொழுகையில் கலீஃபாவின் அழுகையால் அவர் ஓதியது மக்களுக்கு விளங்கவில்லை. பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் உதவித்தொகை உண்டு என்று உடனே ஆணை பிறந்தது. உரிமையாகக் கிடைக்க வேண்டியதைக் கேட்டுப் பெறுவது பிச்சையாகாது.

மூவர் அறிய வேண்டிய இன்னொன்று மருந்தின் விலை. தண்டுவடத் தசைச் சிதைவு என்னும் பரம்பரை நோயைப் பற்றி அண்மைக்காலத்தில் அடிக்கடி கேள்விப்படுகிறோம். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மெல்ல மெல்ல மடிவதால் குழந்தை தலை நிமிர்த்தவும், விழுங்கவும், மூச்சுவிடவும் இயலாமல் போகும் கொடிய நோய் அது. 2019இல் அமெரிக்க அரசு அனுமதித்த ஸோல்ஜென்ஸ்மா என்னும் மருந்தை ஒரே ஒரு முறை செலுத்தினால் போதும். ஆனால் அதன் விலை நம் நாட்டுப் பணத்தில் 16 முதல் 18 கோடி ரூபாய். 2021இல் நாமக்கல் மாவட்டம் குமாரபாளையத்தைச் சேர்ந்த ஒரு பெண் குழந்தைக்காக அந்தப் பணத்தை மக்கள் திரட்டியபோது, இறக்குமதி வரியாகவே ஏறத்தாழ 6 கோடி ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. மத்திய அரசிடம் முறையிட்டு அந்த வரி தள்ளுபடியாயிற்று. ஒரு மனுவால் 6 கோடி மிச்சம்!

இதே நோய்க்கு வாய்வழியாக நாள்தோறும் கொடுக்கும் ரிஸ்டிப்ளாம் என்னும் மருந்தும் உண்டு. ஒரு குப்பி 6 இலட்சம் ரூபாய்க்கு மேல் விற்றது. காப்புரிமை வழக்கில் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்ததை அடுத்து, 2025 அக்டோபரில் இந்திய நிறுவனமொன்று அதே மருந்தை 15,900 ரூபாய் விலையில் வெளியிட்டது. ஐந்தாண்டுக்கு முந்தைய விலையை வைத்துக்கொண்டு இன்று ஒருவர் நிதி திரட்டினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். எந்த மருந்து, எந்தக் குழந்தைக்கு ஏற்றது என்பதை மருத்துவரே முடிவு செய்வார். எழுத்தில் மதிப்பீடு வாங்கி, வேறு வழியுண்டா என்று இன்னொரு மருத்துவரையும் கேட்பது மூவரின் பொறுப்பு.

இனி, வந்த பணத்தை வைக்கும் முறை. ஜக்காத் வேறு, ஸதகா வேறு; இரண்டையும் ஒரே துண்டில் போட்டுக் கலக்கலாகாது. ஜக்காத்தைப் பெறத்தக்கோர் எண்வகையினர் என்று திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் வரையறுத்துவிட்டது. நோயாளி என்று தனி வகை அதில் இல்லை. ஏழை, வறியவர், கடனாளி என்னும் வகைகளில் அந்தக் குடும்பம் அடங்குமானால் பெறலாம். வசதியுள்ள வீட்டில் நோய் வந்தது என்பதற்காக மட்டும் ஜக்காத் ஆகாது. சிகிச்சையால் கடனாளியானவருக்கு ஆகும். அன்றியும் ஜக்காத் பொருள் பெறுபவரின் உடைமையாக வேண்டும் என்பது நம் இமாம்களின் தீர்ப்பு. ஆதலால் தந்தையிடம் ஒப்படைப்பதோ, அவருடைய அனுமதியை எழுத்தில் பெற்று அவர் சார்பில் மருத்துவமனைக்குச் செலுத்துவதோ பேணுதலான முறை. உங்கள் ஊர் ஆலிமிடம் விவரம் கேட்டுச் செய்யுங்கள். ஸதகாவோ அகன்ற வாசல்; கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் மத எல்லை அதில் இல்லை. மாதா கோவில் தெருக்காரரும் மார்க்கெட்டில் காய்கறி விற்பவரும் நம் குழந்தைக்குக் கொடுப்பார்கள். அவர்கள் வீட்டில் நோய் வந்தால் நம் பள்ளிவாசல் துண்டும் விரிய வேண்டாமா? ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டோருக்கும் உணவளிப்போரைத் திருமறை புகழ்கிறது. அந்நாளில் சிறைப்பட்டோர் பெரும்பாலும் முஸ்லிமல்லாதவரே.

புதுச்சேரி வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கலையும் ஈண்டுச் சொல்லியாக வேண்டும். 1962இல் சட்டப்படி இணைப்பு நிகழ்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று பிரான்சில் வாழ்கிறார்கள். ஊர்க் குழந்தைக்கு நோய் என்றால் பாரிஸிலிருந்து பணம் வரத் துடிக்கிறது. ஆனால் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு உடையவர், அவர் நம் சொந்தத் தாய்மாமனாகவே இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவரே. அந்தச் சட்டத்தின்கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ பெறாத ஜமாஅத்தோ சங்கமோ அவருடைய பணத்தைத் தன் கணக்கில் ஏற்கக் கூடாது. சட்டம் உறவினர் என்று ஒப்புக்கொள்ளும் நெருங்கிய சொந்தம், குடும்பத்தாருக்கே நேராக அனுப்பலாம். ஓராண்டில் 10 இலட்சம் ரூபாயைத் தாண்டினால் 3 மாதத்துக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டோடு வளைகுடாவில் உழைப்பவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. நல்ல எண்ணத்தோடு தொடங்கிய காரியம் வழக்கில் முடியாதிருக்க, தணிக்கையாளர் ஒருவரிடம் முன்னதாகவே ஒரு சொல் கேட்டுவிடுவது மேல்.

நிழற்படத்தைப் பற்றியும் ஒரு சொல். குழாய்கள் செருகிய குழந்தையின் படத்தைக் கைபேசிதோறும் அனுப்பினால்தான் பணம் வரும் என்று ஒரு கருத்து பரவியிருக்கிறது. கையேந்தாத மானத்தால், அறியாதவர் செல்வர் என்றே எண்ணும்படி வாழும் வறியோரைத் திருமறையின் இரண்டாம் அத்தியாயம் எவ்வளவு பரிவோடு அடையாளம் காட்டுகிறது! நாளை அந்தக் குழந்தை இறையருளால் நலம் பெற்றுப் பள்ளிக்கூடம் போகும்போது, அந்தப் படம் அதற்கு முன்னே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். மூவரின் பெயரும் கையொப்பமும் மருத்துவமனைச் சான்றும் இருந்தால், பெயரும் படமும் இல்லாமலேயே மஹல்லா நம்பும். ஊருக்கு அப்பாலும் கேட்க வேண்டிய பெருந்தொகை என்றால் பெற்றோர் சம்மதத்தோடு செய்யட்டும்.

பின்னர் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று கபீஸாவிடம் நபிகளார் சொன்னார்களே, அந்தச் சொல்லுக்குப் பொருள் என்னவென்று 2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் கேரளம் கண்டது. ஒரே மாதத்தில் இரண்டு நிகழ்ச்சிகள். மலப்புரம் மாவட்டத்தில் ஆறு மாதக் கைக்குழந்தை ஒன்றுக்கு, மேலே சொன்ன தண்டுவடத் தசைச் சிதைவு நோய். மக்கள் ஏறத்தாழ 16 கோடி ரூபாய் திரட்டிக் கொடுத்தார்கள். மருந்து வந்து சேருமுன் குழந்தை இறையடி சேர்ந்துவிட்டது. பணம் கணக்கில் இருந்தது; யாருக்கு அது உரியது? குழந்தையின் தந்தை முன்னதாகத் தொடுத்திருந்த வழக்கில் உயர்நீதிமன்றமே, அந்தத் தொகையைப் பிற குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாகாதா என்று வினவும் நிலை ஏற்பட்டது. துக்கத்தில் இருக்கும் வீட்டின் வாசலில் இந்தக் கேள்வி வந்து நிற்கக் கூடாது. ஆகவே, தொகை மிஞ்சினாலோ, அல்லாஹ் காப்பானாக, குழந்தை தவறிவிட்டாலோ, பணம் இன்ன வகையில் செலவாகும் என்பதைத் திரட்டத் தொடங்கும் முதல் நாளிலேயே சீட்டில் எழுதிவிட வேண்டும். குறித்த நோக்கத்துக்காகக் கொடுத்தவரின் எண்ணத்தை மாற்ற, வாங்கியவருக்கு அதிகாரமில்லை.

கண்ணூர் மாவட்டம் மாட்டூலில் நடந்தது மற்றொன்று. ஒன்றரை வயது ஆண் குழந்தைக்கு அதே நோய். அவனுடைய மூத்த சகோதரிக்கும் அதே நோய். அவளுக்குச் சிகிச்சைக் காலம் கடந்துவிட்டது. சக்கர நாற்காலியில் இருந்தபடி, தான் படும் வேதனையைத் தம்பி படலாகாது என்று அச்சிறுமி விடுத்த வேண்டுகோள் மலையாளிகள் வாழும் இடமெல்லாம் போய்ச் சேர்ந்தது. ஊரார் குழு அமைத்துக் கேட்டது 18 கோடி ரூபாய். ஒரு வாரத்துக்குள் தொகை நிறைந்துவிட்டது. இனி அனுப்ப வேண்டாம் என்று அறிவித்துக் கணக்கை நிறுத்தினார்கள். அதற்குள் வந்து சேர்ந்திருந்தது 46.78 கோடி, கொடுத்தவர்கள் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். மிகுதியைக் குழுவினர் முடக்கி வைக்கவில்லை. இதே நோயால் வாடிய வேறு இரண்டு குழந்தைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தனர். அவற்றுள் ஒன்று இலட்சத்தீவைச் சேர்ந்தது. அதே ஆகஸ்டு மாதம் தம்பிக்கு மருந்து செலுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு, 2022 ஆகஸ்டில் அந்தச் சகோதரி இறைவனிடம் மீண்டாள். அவள் குரலுக்கு வந்த பணம், அவள் கண்டிராத ஒரு தீவுக் குழந்தையின் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.